அழித்த பதினோரு கோடுகள்

போன வாரம் வரை, அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால்தான் பதினோரு கோடுகள் தெரியும். பென்சிலால் போட்டு, பிறகு ரப்பரால் அழித்த கோடுகள். கருப்பு போயிருந்தது, பள்ளம் போகவில்லை. நான்கு குத்துக்கோடு, குறுக்கே ஒன்று. மறுபடியும் நான்கு, குறுக்கே ஒன்று. கடைசியில் தனியாக ஒன்று. பக்கத்தில் 'தமிழ்' என்று எழுதி அழித்த தடமும் இருந்தது. அந்தப் பள்ளங்களின் மேலேயே கருப்புப் பேனாவில், ஆங்கிலத்தில், 'ஒன்றுமில்லை, அருமையான வகுப்பு' என்று எழுதியிருக்கிறது. அழித்ததும் எழுதியதும் நான்தான். தாளின் அடியில் நீல மையில் இரண்டு வரிகள் உண்டு. அவை என் கையெழுத்து அல்ல. அந்த இரண்டு வரிகளையும் நான் பன்னிரண்டு வருடம் படிக்காமலே இருந்தேன்.

அவற்றை எழுதியவளை என்னவென்று சொல்வது? தோழி என்றால் அது பொய்யாகிவிடும். வகுப்புத்தோழி என்றால் போதாது. ஜோடி என்பதுதான் சரி, பல்கலைக்கழகம் எங்களுக்குக் கொடுத்த உறவு அது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் நாங்கள் படித்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில், இரண்டாம் ஆண்டில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்களைப் பிடித்து முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித் தர வைப்பார்கள். மாணவர் டியூட்டர் என்று பெயர். படிக்கிறவர்களும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை, இரண்டுங்கெட்டான் நிலைமை. அதனால் எங்களைத் தனியே விட்டுவிடாமல் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமை மத்தியானமும் டியூட்டர்கள் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். வட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். பேசுகிறவர் அந்த வாரம் தன் வகுப்பில் தான் சொதப்பிய ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அது போக, ஆளுக்கு ஒரு ஜோடி. செமஸ்டரில் இரண்டு முறை ஜோடியின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து ஒரு தாளை நிரப்பித் தர வேண்டும். தாளின் இடப்பக்கம் நன்றாக நடந்தவை, வலப்பக்கம் மாற்ற வேண்டியவை. இது பரீட்சை இல்லை, ஒருவருக்கொருவர் உதவிதான் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் திரும்பத் திரும்பச் சொல்வார். அவர் ஒரு சீன அம்மையார், டாக்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஆனால் வருடக் கடைசியில் ஒரே ஒருவரைத் தலைமை டியூட்டராகத் தேர்ந்தெடுப்பவரும் அவர்தான். அடுத்த வருடம் வரும் புது டியூட்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அந்தத் தலைமை டியூட்டர். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. என் ஜோடிக்கும் வேண்டியிருந்தது. வித்தியாசம் என்னவென்றால், அவள் அதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவள் காப்பார்க்காரி, கிள்ளானையும் தாண்டி இருக்கிற ஊர். அவ்வளவு தூரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போது முடி நெற்றியில் ஒட்டியிருக்கும், மழைக்கோட்டு பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் பையில் தொங்கும். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலிருந்து, இஸ்திரி மடிப்புக் கலையாமல், ரயிலில் வருவேன். என் பாடக்குறிப்பு நான்கு வண்ணத்தில் அச்சாகி, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். அவளுடைய பாடக்குறிப்பு நான்காக மடித்த ஒரே ஒரு காகிதம், பல நாள் அதிலும் மழைத்துளி பட்டிருக்கும். முதல் வாரம் அவளைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பரிதாபப்பட்ட காலத்தில்தான் அவளிடம் மிகவும் அன்பாகப் பேசினேன்.

மூன்றாவது வாரத்தில் பரிதாபம் தீர்ந்துபோனது. என் வகுப்பில் பிள்ளைகள் என்னை 'மிஸ்' என்றார்கள். அவள் வகுப்பில் அவளை 'அக்கா' என்றார்கள். சந்தேகம் கேட்க வருவோருக்காக எங்கள் இருவருக்கும் நூலகத்தில் ஆளுக்கொரு மேசை போட்டிருந்தார்கள். அவள் மேசையைச் சுற்றி நாற்காலி போதாமல் என் மேசை நாற்காலிகளை இழுத்துக்கொண்டு போவார்கள். "மிஸ், இந்தச் சேர் வேணுமா?" என்று கேட்பார்கள். எனக்கெதற்கு, நான் ஒருத்திதானே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் அப்படிச் சேரை இழுத்துக்கொண்டு போன பையன் என் வகுப்புப் பையன்.

பொறாமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அடுத்தவர் பொறாமையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கண் பட்டுவிட்டது, வயிறெரிந்தார்கள், ஆளாகவிடவில்லை என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கண் என்னுடையதுதான் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் சொல்கிறேன். என்னுடையதுதான். அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக் குழவியை எடுத்துத் தன் வயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி. அந்த வேலையைத்தான் அந்த வருடம் முழுக்கச் செய்துகொண்டிருந்தேன்.

முதல் முறை அவள் வகுப்பைப் பார்க்கப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. புள்ளியியல் பாடம். பதினெட்டு, இருபது பேர் இருந்தார்கள். அவள் ஒரு கேள்வி கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பின்வரிசையில் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது, நானே எழுந்து பதில் சொல்லிவிடலாமா என்றிருந்தது. அவள் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்கள் மேல் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவது விரலுக்கு அது போவதற்குள் ஒரு பெண் தயங்கித் தயங்கி எதையோ சொன்னாள். அது பாதி தப்பு. அந்தத் தப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொருவன் பேசினான். ஐந்து நிமிடத்தில் வகுப்பே பேசிக்கொண்டிருந்தது.

கேன்டீனில் கேட்டேன், அது என்ன விரலை எண்ணுவது என்று.

"அம்மா கடையில கத்துக்கிட்டதுலா" என்றாள். அவள் அம்மா பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், காய்கறிக் கடை போடுகிறவர். "கஸ்டமர் கத்திரிக்காய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்குறப்ப நாம வாயத் தொறந்தா போச்சு, வச்சிட்டுப் போயிருவாங்க. சும்மா நின்னா அவங்களே வாங்குவாங்க. பன்னெண்டு கணு எண்ணுடின்னு அம்மா சொல்லும். பன்னெண்டு வரைக்கும் போனதே இல்ல."

அந்த முறை வலப்பக்கத்தில் நான் ஒன்று எழுதினேன், பலகையில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று. உண்மையும் அதுதான். கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது எழுதும்போது. அடுத்த வாரம் அவள் எழுத்து பின்சுவர் வரைக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாகிவிட்டது. புதன்கிழமை வட்டத்தில், "நான் எறும்பு மாதிரி எழுதிட்டு இருந்திருக்கேன், என் ஜோடி சொல்லித்தான் தெரிஞ்சது" என்று என்னைக் காட்டிச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அவளுக்கு. நான் தேடிப்பிடித்துக் கொடுத்த ஒரே குறையையும் அவள் தனக்கு லாபமாக்கிக்கொண்டாள் என்று அன்று ரயிலில் வீடு போகும்வரை மனதுக்குள் பொருமிக்கொண்டே போனேன்.

என் வகுப்பை அவள் பார்த்த கதை வேறு. தாளின் வலப்பக்கம் நிரம்பி, பின்பக்கமும் வழிந்திருந்தது. அதை நீட்டிவிட்டு, மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினாள். "கோவிச்சுக்காதடி. ஒரு மணி நேரத்துல நீ இருபத்து மூணு கேள்வி கேட்ட. இருபத்தொண்ணுக்கு நீயே ஆன்சர் பண்ணிட்ட. அப்புறம் பசங்க எதுக்குலா வரணும்?"

"உனக்கு எண்றதே வேலையா?" என்றேன்.

"ஆமா. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிறோம்ல" என்று சிரித்தாள்.

அவள் மேல் இருந்த கோபத்திலேயே அடுத்த வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு வாயைக் கடித்துக்கொண்டு நின்றேன். கணுவை எண்ணினேன். ஏழாவது கணுவில், செமஸ்டர் தொடங்கியதிலிருந்து வாயே திறக்காத ஒரு பையன் பதில் சொன்னான். சரியான பதில். அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. அந்தச் சந்தோஷத்தின் அடியிலேயே ஒரு கசப்பும் ஊறியது. இதுவும் அவள் கொடுத்ததுதானே. என் வகுப்பு உருப்படத் தொடங்கியதற்குக்கூட அவளுக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லவில்லை.

இரண்டாவது முறை அவள் வகுப்பைப் பார்க்கப் போனபோது ஒரு முடிவோடுதான் போனேன். எதுவும் எழுதப் போவதில்லை, எழுதினால் அதையும் படிக்கட்டாக்கிக்கொண்டு ஏறிவிடுவாள் என்று. அப்படிப் போன நாளில்தான் உண்மையான குறை ஒன்று கண்ணில் பட்டது.

எங்கள் ஆட்கள் வாயில் மூன்று மொழி கலந்து கிடக்கிறது. எது எப்போது வெளியே வருகிறது என்று பேசுகிறவருக்கே தெரிவதில்லை. அவள் பாடத்தை ஆங்கிலத்தில்தான் நடத்தினாள். ஆனால் விஷயத்தின் முடிச்சு அவிழ்கிற இடத்துக்கு வந்ததும், தன்னை மறந்து இடப்பக்கம் திரும்பி, தமிழுக்குப் போய்விடுவாள். அந்தப் பக்கம்தான் தமிழ்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். "வேற ஒண்ணும் இல்லலா, கூட்டத்தை விட்டு ஒவ்வொருத்தனும் எவ்வளவு தள்ளி நிக்கிறான்னு பாக்குறோம், அவ்வளவுதான்" என்பாள். ஒன்பது பேர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். விளங்கிவிடும். வலப்பக்கம் இருந்த மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் அவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் திரும்பி, ஆங்கிலத்தில் அடுத்த கணக்குக்குப் போய்விடுவாள்.

எனக்கு முன்னால், தலையில் இளம்பச்சைத் தூடோங் முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். தமிழில் சிரிப்பு எழும்போதெல்லாம் அவள் தன் நோட்டில் அந்த வரிக்கு நேரே ஒரு சின்ன வட்டம் போட்டாள். இங்கே ஏதோ சொன்னார்கள், எனக்குத் தெரியவில்லை என்பதற்கான வட்டம். பக்கம் முழுக்க வட்டங்கள். நான் என் தாளில் பென்சிலால் எண்ணத் தொடங்கினேன். மணி அடித்தபோது பதினொன்று இருந்தது. கோடுகளுக்குப் பக்கத்தில் 'தமிழ்' என்று எழுதினேன்.

பிறகு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரத்தில் டாக்டர் ஒவ்வொரு ஜோடியையும் கூப்பிட்டுப் பேசுவார், அதன் பிறகு தலைமை டியூட்டர் யார் என்று சொல்லிவிடுவார். இதை இப்போது நான் சொன்னால், அவள் அடுத்த வகுப்பிலேயே சரிசெய்துவிடுவாள். அவளை நான் அறிவேன். சொல்லாவிட்டால், அது பாட்டுக்கு இருக்கும், ஒரு நாள் டாக்டர் கண்ணிலும் படும். இதை நான் இவ்வளவு தெளிவாக அன்று யோசித்தேனா என்றால், இல்லை. மனது நல்ல வக்கீல். தமிழச்சியாக இருந்துகொண்டு தமிழ் பேசுகிறாள் என்று நானே எழுதிக்கொடுப்பதா என்று கேட்டது. அவள் மனம் நோகுமே என்றது. சின்ன விஷயம், வாயில் சொல்லிக்கொள்ளலாம் என்றது. ரப்பரை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். பேனாவை எடுத்து 'ஒன்றுமில்லை, அருமையான வகுப்பு' என்று எழுதினேன்.

அன்று கேன்டீனில் அவள் தாளை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "என்னலா இது? ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துட்டு ஒரு குறைகூடவா கிடைக்கல?"

"நெஜமாவே இல்லடி. எல்லாம் ஓகே."

"பொய் சொல்லாத. நான் என்ன அவ்வளவு பெரிய ஆளா? ஒண்ணாவது சொல்லு. டாக்டரப் பாக்கப் போறதுக்குள்ள சரி பண்ணிக்கிறேன்."

"இல்லன்னா இல்லதான். விடு" என்றேன். அவள் வாய்விட்டுக் கேட்டாள் என்பதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கேட்காதவளிடம் சொல்லாமல் இருப்பது ஒன்று. கேட்டவளிடம் இல்லை என்பது வேறு. தாளை அவளிடமிருந்து வாங்கி நானே அலுவலகத்தில் கொண்டுபோய்ப் போட்டேன்.

டாக்டரின் அறைக்கு எங்களைக் கூப்பிட்ட நாள் காலையில் மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியே சாய்வாக வெயில் மேசை மேல் விழுந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மாணவர் ஒருவர் தன்னிடம் வந்ததாகச் சொன்னார், பெயர் சொல்லவில்லை. ஒரு நோட்டுப் பக்கத்தின் பிரதியை மேசை மேல் வைத்தார். அந்த வட்டங்களை நான் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அந்த மாணவர் கோபமாகப் பேசவில்லையாம், டியூட்டர் மிகவும் நல்லவர், ஆனால் இந்த இடங்களில் அவர் சொன்னது எங்களுக்கும் வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். என் ஜோடிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகத்தில் இருந்த களையெல்லாம் வடிந்துபோனது. "நான் அப்படியா பேசினேன்?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்.

டாக்டர் நான் எழுதிய தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார். முறை அப்படித்தான். பார்க்கப்பட்டவர் தாளைப் படித்து, அடியில் உள்ள கட்டத்தில் தன் கருத்தை எழுதிக் கையொப்பம் போட வேண்டும். அவள் படித்தாள். படிக்க அதிகம் எதுவும் இல்லை. அவள் கட்டைவிரல் அந்த வலப்பக்கத்தின் மேல் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் எதையோ எண்ணுகிறாள் என்று நினைத்தேன். பிறகு தாளைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். கண்ணீரை எங்களிடமிருந்து மறைக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணீர் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ அந்த அறையில் ஒரு மணி நேரம் இருந்திருக்கிறாய். உனக்கு எதுவும் தெரியவில்லையா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். "அவளுக்குத் தெரிந்திருக்காது, டாக்டர். நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் அப்படித்தான் பேசிக்கொள்வோம். அவள் காதில் அது தனியாக விழுந்திருக்காது" என்றாள். நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டியது நன்றாக நினைவிருக்கிறது. அவள் கட்டத்தில் இரண்டு வரி எழுதி, கையொப்பம் போட்டு, தாளைக் கவிழ்த்து டாக்டர் பக்கம் தள்ளினாள்.

தலைமை டியூட்டர் பதவி எனக்குக் கிடைத்தது.

அந்த வாரப் புதன்கிழமை வட்டத்தில் அவள்தான் முதலில் பேசினாள். தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அன்று காலை வகுப்பில் வலப்பக்கம் போய் நின்று மலாயிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கேட்டாளாம். இனித் தன் வாயிலிருந்து தமிழ் வந்தால் மேசையைத் தட்ட வேண்டும் என்று அந்தப் பச்சைத் தூடோங் பெண்ணிடம் பேனாவைக் கொடுத்தாளாம். முதல் பத்து நிமிடத்தில் நான்கு முறை தட்டு விழுந்ததாம். வட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், இரண்டு பேர் அதையே தங்கள் வகுப்பிலும் செய்யப் போவதாகச் சொன்னார்கள். அடுத்து என் முறை வந்தது. என் ஜோடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் நான் சொதப்பியது என்ன என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். "என் மார்க்கர் பேனா பாதியில் காய்ந்துவிட்டது" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டை போடவில்லை. பேசாமலும் இல்லை. கேன்டீனில் தட்டைத் தள்ளுவது மட்டும் நின்றுபோனது. என் வகுப்பைப் பார்த்து அவள் கடைசியாக நிரப்பித் தந்த தாள்கூட நேர்மையாகத்தான் இருந்தது. பட்டமளிப்பு நாளில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானே அதோட ஜோடி? உன்னப் பத்தித்தான் எப்பவும் பேசும்" என்றார். என்ன பேசுவாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போதும் நான் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறேன், விரிவுரையாளராக. டாக்டர் ஓய்வு பெற்ற பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து டியூட்டர் பயிற்சியை நடத்துகிறேன். கேள்வி கேட்ட பிறகு பன்னிரண்டு கணு எண்ணுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லித் தருகிறேன். அதற்கென்று அழகான ஒரு ஸ்லைடும் வைத்திருந்தேன். பிள்ளைகள் அதை 'மேடம் முறை' என்பார்கள். நான் திருத்தியதில்லை. அவள் கிள்ளானில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள், அங்கே அவளும் மாணவர் டியூட்டர் குழு ஒன்றை வளர்த்திருக்கிறாள். கூட்டங்களுக்குப் போனால் யாராவது ஒருவர் அவள் பிள்ளைகளைப் பற்றி என்னிடமே புகழ்ந்து பேசுவார்கள். நான் புன்னகையோடு கேட்டுக்கொள்வேன். வயது ஏறினால் இந்த எரிச்சல் ஆறிவிடும் என்று சொன்னவர்கள் யாரோ, அவர்களுக்கு ஒரு ஜோடி இருந்திருக்காது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தை வேறு மாடிக்கு மாற்றினார்கள். பழைய அலமாரியைக் காலிசெய்யும்போது எங்கள் வருடத்துக் கோப்பு கிடைத்தது. அந்தத் தாளும் அதில் இருந்தது. அன்று கவிழ்த்து வைத்ததை அன்றே நிமிர்த்திப் பார்த்திருக்கலாம். தலைமை டியூட்டராக இருந்த வருடம் முழுக்க அந்த அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. பார்க்கவில்லை. இப்போது அவள் எழுதியதைப் படித்தேன். தாள் முழுவதும் ஆங்கிலம், அந்தக் கட்டத்தில் மட்டும் தமிழ். டாக்டரால் வாசிக்க முடியாது, அந்த அறையில் இருந்த இன்னொருத்தியால் மட்டும்தான் முடியும்.

'எண்ணினதுக்கு நன்றிடி.
சொல்லியிருக்கலாம்.'

அந்தக் காலி அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று தாளைச் சாய்த்துப் பிடித்தபோது அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பார்த்த பிறகுதான் டாக்டரிடம் எனக்காகப் பேசியிருக்கிறாள். அழுகை வந்தது, வெட்கம் வந்தது, எல்லாம் வந்தது. ஆனால் முதலில் வந்தது எது என்று சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. இதிலும் என்னை முந்திவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது.

தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். போன வாரம் புது டியூட்டர் ஒருத்தி தன் ஜோடியைப் பார்த்து எழுதிய தாளைக் கொண்டுவந்து தந்தாள். வலப்பக்கம் காலி. "ஒண்ணுமே இல்லையா?" என்றேன். "இல்ல மேடம், எல்லாம் ஓகே லா" என்றாள். என் கண்ணைப் பார்க்காமல் மேசை விளிம்பைப் பார்த்தாள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? "உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்க, பேனாவை எடுத்து அந்தப் பள்ளங்களின் மேல் ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தேன். பதினொன்று. பக்கத்தில் 'தமிழ்' என்றும் எழுதினேன். ஏன் என்று அவள் கேட்டாள். சொன்னேன். அந்த ஸ்லைடில் இருப்பது யார் முறை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் தன் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு தாளைப் படம் எடுத்து என் ஜோடிக்கு அனுப்பினேன். பழைய டியூட்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேரும் இருக்கிறோம், தீபாவளி வாழ்த்தோடு சரி, தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு நீலக்குறி விழுந்தது. பார்த்துவிட்டாள். பதில் இல்லை. மன்னிப்பு என்று தொடங்கி நான்கு வரி தட்டினேன். அவளுக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அழித்துவிட்டு, போனை மேசை மேல் வைத்துக் கணுவை எண்ணினேன். பன்னிரண்டு போனது. மறுபடியும் பன்னிரண்டு. மூன்றாம் சுற்றில் நான்காவது கணுவில் இருந்தபோது போன் அதிர்ந்தது.

'இப்பயாச்சும் பேனாவுல எழுதுனியே.'

அடுத்தது உடனே வந்தது. 'வியாழக்கிழமை காலைல என் பிள்ளைங்களுக்கு ட்ரெய்னிங் எடுக்குறேன். கிள்ளானுக்கு வா. பின்னால உக்காந்து பாரு. வலப்பக்கம் காலியா வச்ச, கொன்னுருவேன்.'

நாளைக்கு வியாழக்கிழமை. போகிறேன். நன்றாகத்தான் நடத்துவாள், அதைப் பார்த்து எனக்கு வயிறு எரியத்தான் செய்யும், தெரிந்தேதான் போகிறேன். ஒரு வெற்றுத் தாளைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அந்தப் பழைய தாளையும் வைத்திருக்கிறேன். பேனா இரண்டு இருக்கிறது. பென்சிலை எடுத்து வைக்கவில்லை.